அறுபத்து மூன்று வயது மாணவர்

சொந்தத் தொழில் தொடங்குபவர்களுக்கு என்னென்ன குணங்கள் வேண்டும் என்று ஒரு கட்டுரை எழுதிக் கொடு என்று மலர்க் குழு நண்பர்கள் கேட்டபோது கொஞ்சம் தயங்கினேன். நான் மாதச் சம்பளக்காரன். நீச்சல் தெரியாதவன் கரையில் நின்றுகொண்டு கையைக் காலை வீசச் சொன்ன கதையாகிவிடக் கூடாதே என்ற பயம். அதனால் அறிவுரை எதுவும் சொல்லாமல், நாம் எல்லோரும் பெயரளவில் அறிந்த ஒருவரின் வாழ்க்கையைச் சொல்லலாம் என்று முடிவு செய்தேன். அவர் ஜாம்ஷெட்ஜி நுஸர்வான்ஜி டாடா.

டாடா என்றதும் நம்மில் பலருக்கு ஒரு எண்ணம் வரும். பெரிய வீட்டுப் பிள்ளை, முதலுக்குப் பஞ்சமில்லை, செய்தார், அவ்வளவுதானே என்று. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் வெறுங்கையோடு வந்தவர் அல்லர். ஆனால் அந்தக் காலத்து பம்பாயில் அவரைவிடப் பணக்காரர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். அவர்களில் பலர் பெயர் இன்று நமக்குத் தெரியாது. அவர்களிடம் இல்லாத எது இவரிடம் இருந்தது? தேடிப் பார்த்ததில் எனக்குக் கிடைத்த பதில் இதுதான்: தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, தெரிந்தவனைத் தேடிப் போய்க் கற்றுக்கொள்ளும் மனசு.

முதல் அடி

ஜாம்ஷெட்ஜி 1839 மார்ச் 3-ஆம் தேதி குஜராத்தில் உள்ள நவசாரியில் பிறந்தார். தலைமுறை தலைமுறையாகப் பார்சி மதகுருக்களாக இருந்த குடும்பம். அப்பா நுஸர்வான்ஜிதான் முதன்முதலில் வியாபாரத்தில் இறங்கியவர். மகனை பம்பாய்க்கு அழைத்து எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் படிக்க வைத்தார். 1858-ல் படிப்பு முடிந்தது. அடுத்த வருஷமே அப்பாவின் வியாபாரத்தை விரிவாக்க ஹாங்காங் போனார். இங்கிருந்து பருத்தியும் அபினும் போகும். அங்கிருந்து தேயிலையும் பட்டும் வரும். அபின் வியாபாரம் அன்று சட்டப்படி நடந்ததுதான். இருந்தாலும் பெரிய மனிதரின் கதை என்பதற்காக அதை மறைத்துச் சொல்வது சரியாகாது.

1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. லங்காஷயர் மில்களுக்கு அமெரிக்கப் பஞ்சு வரவில்லை. இந்தியப் பஞ்சின் விலை எங்கேயோ போய்விட்டது. பம்பாயில் பணம் ஆறாக ஓடியது. தடுக்கி விழுந்தால் ஒரு கம்பெனி, திரும்பிப் பார்த்தால் ஒரு பங்கு. இந்தச் சூட்டில் லண்டனில் ஒரு இந்திய வங்கி திறக்கும் திட்டத்தோடு இளைஞர் ஜாம்ஷெட்ஜியும் கப்பல் ஏறினார். 1865-ல் போர் முடிந்தது. பஞ்சு விலை சரிந்தது. அவர் கையில் கொண்டு போன பத்திரங்கள் வெறும் காகிதமாகிவிட்டன.

அந்நிய ஊர், இருபத்தாறு வயது, சுற்றிலும் கடன்காரர்கள். நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? அவர் ஒளியவில்லை. கடன் கொடுத்தவர்களிடம் நேரில் போய் உள்ள நிலைமையை உள்ளபடி சொன்னார். அவர்கள் அந்த நேர்மையை மதித்து, கணக்கைத் தீர்க்கும் பொறுப்பையே அவரிடம் கொடுத்து, மாதச் சம்பளமும் போட்டார்கள். பம்பாயில் அப்பா சொத்துகளை விற்றுக் கடனைக் கட்டினார். பின்னால் 1868-ல் அபிசீனியாவுக்குப் போன பிரிட்டிஷ் படைக்குப் பொருள் சப்ளை செய்யும் ஒப்பந்தத்தில் பங்கு கிடைத்து, குடும்பம் மறுபடி நிமிர்ந்தது.

பஞ்சு தெரியும், நூல் தெரியாது

அதே 1868-ல் ரூ.21,000 முதலோடு ஜாம்ஷெட்ஜி தனியாக ஒரு வியாபார நிறுவனம் தொடங்கினார். அடுத்த ஆண்டு பம்பாய் சிஞ்ச்போக்ளியில் நொடித்துப் போன ஒரு எண்ணெய் ஆலையை வாங்கி, அதைப் பஞ்சாலையாக மாற்றினார். அலெக்ஸாண்ட்ரா மில் என்று பெயர். ஓடியது, லாபமும் வந்தது. இரண்டே வருஷத்தில் நல்ல விலைக்கு விற்றுவிட்டார்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். ஒரு மில்லை ஓட்டி லாபம் பார்த்தவன் அடுத்து என்ன செய்வான்? இதைவிடப் பெரிய மில் கட்டுவான். இவரோ இங்கிலாந்துக்குப் போய் லங்காஷயரில் நூற்பாலைகளைப் படிக்க ஆரம்பித்தார். தனக்குப் பஞ்சு வியாபாரம் தெரியும், நூற்பு முழுமையாகத் தெரியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. லாபம் வந்த பிறகும் ஒருவனுக்கு அது தெரிவது லேசான விஷயமில்லை.

திரும்பி வந்தவர் இன்னொரு வித்தியாசமான முடிவு எடுத்தார். அன்று மில் என்றால் பம்பாய்தான். அவர் நாகபுரிக்குப் போனார். பருத்தி அங்கே வயலிலேயே விளைகிறது. வரோராவில் நிலக்கரி இருக்கிறது. துணி விற்கும் சந்தையும் பக்கத்தில். பஞ்சை பம்பாய்க்குக் கொண்டு போய், துணியாகத் திருப்பிக் கொண்டு வருவதில் என்ன லாபம் என்பது அவர் கணக்கு. 1874-ல் ரூ.15 லட்சம் முதலீட்டில் கம்பெனி தொடங்கினார். கிடைத்த இடம் சதுப்பு நிலம். அதை மண் கொட்டி மேடாக்கிக்கொண்டிருந்தபோது உள்ளூர் லேவாதேவிக்காரர் ஒருவர், இந்த ஆள் தங்கத்தை மண்ணில் புதைக்கிறார் என்று சொல்லிப் பணம் கொடுக்க மறுத்தாராம். பிற்காலத்தில் அவரே, மண்ணைப் போட்டுத் தங்கத்தை எடுத்துவிட்டார் என்று ஒப்புக்கொண்டதாகச் சொல்வார்கள்.

1877 ஜனவரி 1-ஆம் தேதி, விக்டோரியா இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கப்பட்ட அன்று மில் திறக்கப்பட்டது. அதனால் எம்ப்ரஸ் மில். ஆனால் ஆரம்பம் ஒன்றும் பிரமாதமில்லை. முதலில் வாங்கிய இயந்திரங்கள் மட்டரகம், நூலும் அப்படித்தான். அவர் அதை மூடி மறைக்காமல் நல்ல இயந்திரங்களை வரவழைத்து மாற்றினார். நிர்வாகத்துக்கு அவர் அமர்த்திய பெஸோன்ஜி மேத்தா, ரயில்வேயின் சரக்குப் பிரிவில் வேலை பார்த்தவர். மில்லின் உள்பக்கம் அறியாதவர். தொழில்நுட்பத்துக்கு லங்காஷயரிலிருந்து ஜேம்ஸ் ப்ரூக்ஸ்பி என்ற பொறியாளர். ஆட்களை நடத்தத் தெரிந்தவர் ஒருவர், இயந்திரம் தெரிந்தவர் ஒருவர், இரண்டையும் கேட்டுக் கற்கும் முதலாளி ஒருவர். அந்த மூவர் கூட்டுதான் எம்ப்ரஸ் மில்லை நிறுத்தியது.

ரிங் ஃப்ரேம் கதை

நம்ம மெக்கானிக்கல் ஆட்களுக்குப் பிடித்த இடம் இது. அன்று லங்காஷயரில் மியூல் என்ற இயந்திரத்தில்தான் நூல் நூற்றார்கள். வண்டி போல ஒரு பகுதி முன்னால் வரும்போது இழுத்து முறுக்கேற்றும். பின்னால் போகும்போது நூலைச் சுற்றும். ஒரு வேலை நின்றால்தான் மறுவேலை. ரிங் ஃப்ரேமில் ஒரு வளையத்தின் மேல் ஓடும் சின்னக் கம்பித் துண்டு முறுக்குவதையும் சுற்றுவதையும் ஒரே நேரத்தில் செய்துவிடும். நிற்கவே வேண்டியதில்லை. 1828-லேயே அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். இருந்தும் லங்காஷயர்காரர்கள் நம்பத் தயங்கினார்கள். கையில் இருக்கும் மியூல் நன்றாக ஓடும்போது எதற்கு வம்பு என்ற நினைப்பு.

ஜாம்ஷெட்ஜி ஒரேயடியாகப் பாயவில்லை. முதலில் இரண்டே இரண்டு ரிங் ஃப்ரேம்களை வரவழைத்து நாகபுரியில் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். உற்பத்தியை அளந்து பார்த்தார்கள். கணக்கு சரியாக வந்த பிறகுதான் மற்றதை மாற்றினார். லங்காஷயரின் பெரிய மில்கள் யோசித்துக்கொண்டிருந்த காலத்தில் நாகபுரியில் ரிங் ஓடியது.

ஆட்கள் விஷயத்திலும் இதே முறைதான். அறுவடை, கல்யாணம், திருவிழா என்று தொழிலாளர்கள் அடிக்கடி வராமல் போவார்கள். மற்ற முதலாளிகள் அபராதம் போட்டார்கள். இவர், ஏன் வருவதில்லை என்று யோசித்தார். வேலையில் ஒரு பிடிப்பு இல்லாததுதான் காரணம் என்று தோன்றியது. 1886-ல் ஓய்வூதிய நிதி, 1895-ல் விபத்து நஷ்ட ஈடு, ஒழுங்காக வருபவர்களுக்குப் பரிசு என்று கொண்டு வந்தார். காற்றோட்டத்துக்கும் ஈரப்பதத்துக்கும் கருவிகள், தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் அமைப்பு என்று மில்லையும் மாற்றினார். சட்டம் எதுவும் கேட்காத காலம் அது.

தோற்ற இடங்கள்

இது வரைக்கும் படித்தால், தொட்டதெல்லாம் துலங்கியது போல இருக்கும். அப்படி இல்லை.

1886-ல் குர்லாவில் தரம்ஸி மில் என்ற ஒரு பெரிய ஆலை ஏலத்துக்கு வந்தது. ரூ.12.5 லட்சத்துக்கு எடுத்தார். கட்டிய செலவோடு ஒப்பிட்டால் அடிமாட்டு விலை. அதற்கு ஸ்வதேசி மில் என்று பெயர் வைத்தார். சுதேசி இயக்கம் பிறக்க இன்னும் இருபது வருஷம் இருந்தது. ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் இயந்திரங்கள் எல்லாம் பாடாவதி. சீனாவுக்கு அனுப்பிய நூல் தரமில்லை என்று புகார் வந்தது. பங்கு விலை விழுந்தது. கடன் தர வங்கி மறுத்தது. விலை மலிவைப் பார்த்தாரே ஒழிய, இயந்திரத்தின் நிலையைப் போதுமான அளவு பார்க்கவில்லை. இது அவருடைய தவறுதான்.

அதற்கு அவர் கொடுத்த விலையைப் பாருங்கள். குடும்பத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்த அறக்கட்டளையைக் கலைத்தார். லாபம் கொழித்த எம்ப்ரஸ் மில் பங்குகளில் ஒரு பகுதியை விற்று, பணத்தைக் குர்லாவில் கொட்டினார். பழைய இயந்திரங்களைத் தூக்கி எறிந்தார். சில வருஷங்களில் மில் நிமிர்ந்தது. தன் பெயரை நம்பிப் பணம் போட்டவர்களை நடுத்தெருவில் விடக் கூடாது என்பதுதான் அங்கே அவர் பிடித்த பிடி.

இன்னொரு தோல்வி கப்பல். சீனாவுக்கு நூல் ஏற்றிச் செல்ல பி அண்ட் ஓ என்ற ஆங்கிலக் கப்பல் கம்பெனியும் அதன் கூட்டாளிகளும் டன்னுக்கு ரூ.19 வாங்கினார்கள். 1893-ல் ஜாம்ஷெட்ஜி ஜப்பானுக்குப் போய் அந்த ஊர்க் கப்பல் கம்பெனி ஒன்றோடு பேசி, டாடா லைன் என்று ரூ.12-க்கு ஓட்ட ஏற்பாடு செய்தார். எதிரிகள் கட்டணத்தை ரூ.1.50 வரைக்கும் இறக்கினார்கள். முதலில் கூட நின்ற வியாபாரிகள் ஒவ்வொருவராக மலிவு விலைப் பக்கம் சாய்ந்தார்கள். நஷ்டம் ஏறிக்கொண்டே போனது. இவர் கணக்குப் பார்த்து, கப்பல்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். பதின்மூன்று வருஷம் கழித்து தூத்துக்குடியில் வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனிக்கு எதிராகவும் இதே விலைக்குறைப்பு ஆயுதம்தான் பிரயோகமானது.

குர்லாவில் விடாப்பிடி, கப்பலில் விட்டுக்கொடுப்பு. எதைப் பிடிப்பது, எதை விடுவது என்று எப்படித் தெரிந்தது? என் சிற்றறிவுக்குப் பட்டது இது. குர்லாவில் கோளாறு இயந்திரத்தில் இருந்தது. படித்தால் தீர்க்கலாம், பணம் போட்டால் மாற்றலாம். கப்பலில் கோளாறு எதிரியின் பண பலத்தில் இருந்தது. அதைக் கற்றுத் தீர்க்க முடியாது. விடாமுயற்சி என்று நாம் மேடையில் பேசும்போது இந்த வித்தியாசத்தைச் சொல்வதில்லை.

இரும்பைத் தேடி

1882-ல், நாற்பத்து மூன்று வயதில், சாந்தா மாவட்டத்து இரும்புத்தாது பற்றி ஒரு ஜெர்மன் நிபுணர் எழுதிய அறிக்கை அவர் கண்ணில் பட்டது. இரும்பு ஆசை அங்கே பிடித்தது. அன்றைய சுரங்க விதிகளில் தனியார் நுழைவது குதிரைக் கொம்பு. எனவே காத்திருந்தார். காத்திருந்தார் என்றால் சும்மா இருக்கவில்லை. படித்தார், வெளிநாடு போகும்போதெல்லாம் விசாரித்தார், தாது மாதிரிகளைச் சேர்த்தார். பதினேழு வருஷம் கழித்து, 1899-ல் கர்சன் காலத்தில் விதிகள் தளர்ந்தன. உடனே எழுந்தார்.

1902. வயது அறுபத்து மூன்று. உடம்பும் சரியில்லை. பேரன் பேத்திகளோடு ஈஸி சேரில் சாய வேண்டிய வயசு. அவர் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். அலபாமாவில் பர்மிங்ஹாம் போய், நிலக்கரியைக் கல்கரியாக்கும் முறையைக் கூட இருந்து பார்த்தார். ஏன் அது அவ்வளவு முக்கியம்? ஊதுலைக்குள் தாதும் சுண்ணாம்புக் கல்லும் மலை மாதிரி அழுத்தும். அந்தப் பாரத்தைத் தாங்கி, பொடியாகாமல், காற்றுக்கும் வழி விட்டு எரிய வேண்டும். சாதாரண நிலக்கரியால் முடியாது. காற்றில்லாமல் சுட்டெடுத்த கெட்டியான கல்கரிதான் தாங்கும். எல்லா நிலக்கரியும் அப்படிக் கல்கரியாகாது. வரோரா நிலக்கரி ஆகவில்லை. சாந்தா திட்டம் கைகூடாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

பிறகு கிளீவ்லாந்து, பிட்ஸ்பர்க். பிட்ஸ்பர்க்கில் ஜூலியன் கென்னடி என்ற பெரிய உருக்காலைப் பொறியாளர், முதலில் தாது, நிலக்கரி, சந்தை மூன்றையும் ஆராய வேண்டும், அதற்கே ஏராளமாகச் செலவாகும், பலன் கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை என்று எச்சரித்தார். ஜாம்ஷெட்ஜி பின்வாங்கவில்லை. அந்த ஆராய்ச்சிக்கு யார் நல்ல ஆள் என்றுதான் கேட்டார். கென்னடி சொன்ன பெயர் சார்லஸ் பேஜ் பெரின். நியூயார்க்கில் அவர் ஆபீஸுக்கு ஜாம்ஷெட்ஜி தானே நடந்து போனார். பெரின் தன் கூட்டாளியான புவியியலாளர் வெல்டை இந்தியாவுக்கு அனுப்பிவைத்தார்.

அதன் பிறகும் ஏமாற்றங்கள்தான். சாந்தா வேலைக்காகாது என்று வெல்ட் சொல்லிவிட்டார். ஜாம்ஷெட்ஜியின் மகன் தோராப்ஜி இந்தச் செய்தியைச் சொல்ல நாகபுரியில் ஒரு அதிகாரியைப் பார்க்கப் போனார். அவர் வெளியே போயிருந்ததால், எதிரில் இருந்த அருங்காட்சியகத்துக்குள் பொழுதுபோக்காக நுழைந்தார். அங்கே துர்க் மாவட்டத்தில் இரும்பைக் காட்டும் நில இயல் வரைபடம் ஒன்று மாட்டியிருந்தது! அங்கே போய்த் தேடினார்கள். கிடைத்தது. பின்னால் இன்னும் வசதியான இடம் தெரிய வந்தது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய பி.என். போஸ், மயூர்பஞ்ச் சமஸ்தானத்தில் நல்ல தாது இருப்பதாக 1904 பிப்ரவரி 24-ஆம் தேதி கடிதம் எழுதினார்.

அந்தத் தாதுவில் உருக்கு வருவதை ஜாம்ஷெட்ஜி பார்க்கவில்லை. 1904 மே 19-ஆம் தேதி ஜெர்மனியில் பாத் நாவ்ஹைம் என்ற ஊரில் காலமானார். மூன்று வருஷம் கழித்து லண்டன் பணச் சந்தை கையை விரித்தபோது, பம்பாயில் பங்கு வெளியிட்டார்கள். மூன்றே வாரத்தில் சுமார் 8,000 இந்தியர்கள் முழு முதலையும் போட்டார்கள். டாடா ரயில் தண்டவாளம் தயாரித்தால் அத்தனையையும் நானே தின்று காட்டுகிறேன் என்று கேலி செய்த ரயில்வே அதிகாரியும் உண்டு. 1912 பிப்ரவரி 16-ஆம் தேதி சாக்சியில் முதல் உருக்கு வார்க்கப்பட்டது. முதல் உலகப் போரில் மெசபடோமியாவுக்குத் தண்டவாளம் போனது அங்கிருந்துதான். 1919-ல் அந்த ஊருக்கு ஜாம்ஷெட்பூர் என்று பெயர் வைத்தார்கள். ஊர் என்று ஒன்று வரும் முன்பே, 1902-ல் மகனுக்கு எழுதிய கடிதத்தில், சாலைகள் அகலமாக, நிழல் மரங்களோடு இருக்க வேண்டும், விளையாட்டுத் திடல்களுக்கு இடம் விட வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தார்.

மற்றவர்களுக்கும் படிப்பு

தான் கற்றது போதாது, நாட்டில் ஆராய்ச்சி செய்ய ஒரு இடம் வேண்டும் என்று ரூ.30 லட்சம் மதிப்புள்ள சொத்துகளை ஒதுக்கினார். 1893-ல் யோகோஹாமாவிலிருந்து வான்கூவருக்கு ஒரே கப்பலில் போன விவேகானந்தரிடம், ஐந்து வருஷம் கழித்து இந்தத் திட்டத்துக்கு ஆதரவு கேட்டு எழுதினார். 1898 டிசம்பர் 31-ஆம் தேதி திட்டத்தோடு போய்ப் பார்த்தபோது, படிக்க ஆள் வருமா, படித்தவர்களுக்கு வேலை கிடைக்குமா என்று கர்சன் சந்தேகப்பட்டார். மைசூர் அரசு பெங்களூரில் 371 ஏக்கர் கொடுத்தது. 1909-ல் இந்திய அறிவியல் கழகம் உருவாகி, 1911-ல் முதல் மாணவர்கள் சேர்ந்தார்கள். அதன் முதல் இந்திய இயக்குநராக 1933-ல் வந்தவர் நம் சர் சி.வி. ராமன். இதுவும் அவர் கண்ணால் பார்க்காத ஒன்று. அவர் கனவு கண்ட நீர் மின்சாரம் பம்பாய் மில்களுக்கு வந்தது 1915-ல். உயிரோடு இருக்கும்போது அவர் திறந்து பார்த்த பெரிய கனவு, 1903 டிசம்பர் 16-ல் திறந்த தாஜ்மஹால் ஹோட்டல் ஒன்றுதான்.

எம்ப்ரஸ் மில்லும் ஸ்வதேசி மில்லும் இன்று ஓடவில்லை. உருக்காலையும் அறிவியல் கழகமும் நிற்கின்றன.

நம்ம விஷயத்துக்கு வருவோம்

கல்லூரியை விட்டு வெளியே வந்த பிறகு, செமஸ்டர் பயம் போனதோடு புத்தகமும் போயிற்று, நம்மில் பலருக்கு. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்து சில வருஷம் ஆன பிறகு, ஒரு பம்ப் அதிரும் கோளாறு. இரண்டு நாள் நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்திலேயே பள்ளிப் படிப்பைத் தாண்டாத ஒரு ஃபிட்டர் அண்ணன் நின்றிருந்தார். அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பி.இ. என்ற இரண்டெழுத்து குறுக்கே நின்றது. மூன்றாவது நாள் அவராகவே வந்து, அடித்தளத்து போல்ட் ஒன்று தளர்ந்திருப்பதைக் காட்டினார். வெட்கப்பட்டேன். பம்ப் சரியாயிற்று; நான் சரியாக இன்னும் கொஞ்ச காலம் பிடித்தது.

சொந்தத் தொழில் தொடங்க நினைக்கும் நண்பர்கள் முதல் எங்கே, இடம் எங்கே, லோன் எங்கே என்று கேட்கிறார்கள். எல்லாம் வேண்டியதுதான். அதோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இந்தத் தொழிலில் எனக்குத் தெரியாதது எது, அது யாருக்குத் தெரியும்? பதில் ஒரு ஃபிட்டரிடம் இருக்கலாம், ஒரு ஜூனியரிடம் இருக்கலாம், அடுத்த ஊர்ப் பட்டறையில் இருக்கலாம். இரண்டு ரிங் ஃப்ரேம் மாதிரி முதலில் சின்ன அளவில் ஓட்டிப் பார்க்கலாம். கணக்கு வரவில்லை என்றால், கோளாறு நம் கையில் தீரக் கூடியதா இல்லையா என்று பார்த்துப் பிடிக்கவோ விடவோ செய்யலாம்.

இந்தச் சந்திப்பில் நாம் நூற்றுக்கணக்கானவர்கள் கூடுகிறோம். வார்ப்படம் தெரிந்தவர், ஏற்றுமதி தெரிந்தவர், கடையை மூடிய அனுபவம் உள்ளவர் என்று எல்லோரும் ஒரே பந்தியில் உட்காரப் போகிறோம். ஹாஸ்டல் மெஸ் கதைகளைப் பேசுவோம், கட்டாயம் பேசுவோம். ஆனால் சாப்பாடு முடிவதற்குள் ஆளுக்கு ஒரு விஷயமாவது, எனக்கு இது தெரியாது, சொல்லிக் கொடு என்று ஒருவரிடம் கேட்டுவிட்டுப் போவோம்.

அறுபத்து மூன்று வயதில் அவர் கேட்டார். நமக்கு இன்னும் நாற்பதுகூட ஆகவில்லை.